கிளி நடத்திய பாடம்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது என் படிப்புக்காக என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அது அம்மாவின் சீரியலுக்காக வந்தது. கேரள எல்லைக்குள் எருத்தேன்பதிப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவில் எங்கள் வீடு. மத்தியானம் இரண்டரை மணிக்கு அம்மாவின் சீரியல் தொடங்கும். சரியாக அதே நேரத்துக்குத்தான் அவள் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போயாக வேண்டும். மாடு சீரியல் பார்த்துக் கறக்காது என்று அம்மா அடிக்கடி அலுத்துக்கொள்வாள்.

பொள்ளாச்சியில் கம்ப்யூட்டர் கடையில் வேலைபார்த்த மாமா, அம்மாவின் தம்பி, இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாமான் சேர்த்து ஒரு கம்ப்யூட்டரைத் தயார் செய்தார். டிவி படத்தைப் பிடித்து வைக்கிற அட்டை ஒன்றை அதற்குள் சொருகினார். முன்னறையில் இருந்த கேபிள் பெட்டியிலிருந்து ஒரு வயரை டிவிக்கும் இன்னொன்றை உள்ளறையில் கம்ப்யூட்டருக்கும் இழுத்தார். இரண்டரை ஆனதும் அது தானாகவே பதிய ஆரம்பிக்கும், மூன்று மணிக்குத் தானாகவே நிறுத்திக்கொள்ளும். சாயங்காலம் அம்மா டீ டம்ளரோடு கம்ப்யூட்டர் முன்னால் போய், ஏதோ ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சீரியல் பார்ப்பாள்.

இதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. பெட்டி ஒன்றுதான். பெட்டியில் என்ன ஓடுகிறதோ அதைத்தான் கம்ப்யூட்டர் பதியும். அந்த அரைமணி நேரம் யாராவது ரிமோட்டை அமுக்கிவிட்டால் அம்மாவின் கதை கந்தல்தான். மாமா ரிமோட்டின் மேல் ‘தொடாதே’ என்று காகிதம் ஒட்டிவிட்டுப் போனார். அதை என்னைப் பார்த்துக்கொண்டே ஒட்டினார் என்பதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. ஒருநாள் சாயங்காலம் சீரியலில் மாமியார்க்காரி, மூன்று மாதமாக மூடி வைத்திருந்த ரகசியத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். திரை ஒருமுறை கறுத்தது. அடுத்து ஒரு டீச்சரம்மா பச்சைக் கிளிப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். பலகையில் மலையாள எழுத்தை எழுதி, ‘தற... பற...’ என்று பாட, கிளியும் கூடப் பாடியது. விளம்பரம் என்று நினைத்து அம்மா பொறுமையாக இருந்தாள். பதினோரு நிமிடம் கிளி பாடியது. மறுபடி சீரியல் வந்தபோது அந்த வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். எதற்கு என்று தெரிவதற்குள் பெயர்கள் ஓடி முடிந்துவிட்டன.

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். வீட்டில் இருந்த குழந்தை நான் ஒருத்திதான். கிளிப்பாட்டு பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்? அப்பா கட்டிலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கவனமான வாசிப்பை அதற்கு முன் அவரிடம் நான் பார்த்ததில்லை.

நான் ரிமோட்டைத் தொடவே இல்லை. அந்த அரைமணி நேரமும் நான் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அந்த வீட்டோடு எங்களுக்கு இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அங்கே போனேன் என்று சொல்வதைவிட ரிமோட்டை உடைத்தேன் என்று சொல்வது மேல். ஆகவே பேசாமல் நின்றேன். அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை நடுவில் நின்றது.

“ஏம்புள்ள, பாடமா பாத்துட்டிருந்தே?”

தப்பிக்க வழி தெரிந்தால் விடுவேனா? “ஆமாம்மா, மலையாளம் படிக்கறேன்” என்றேன். அம்மாவின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. மறுநாள் சொசைட்டி முழுவதும் செய்தி பரவிவிட்டது. அன்று மத்தியானமும் கிளி வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. இரண்டே முக்கால் ஆனால் கதை அறுந்துவிடும். படிக்கிற பிள்ளையைத் தடுக்கக்கூடாது என்று அம்மா பெருமூச்சோடு பொறுத்துக்கொண்டாள். தானாகச் சேனல் மாறுகிற பெட்டி எனக்குச் சாதகமாக வேலை செய்கிறதென்று நான் நம்பினேன். போதாததற்கு அப்பா காரணமே இல்லாமல் எனக்கு மட்டும் நுங்கு சீவிக் கொண்டுவந்து கொடுத்தார்.

மலையாளம் படிப்பது எங்கள் வீட்டில் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருப்பது கேரளத்தில்தான், மலையாளம் பேசவும் பேசுவோம். படிக்கத்தான் தெரியாது. நான் படித்தது தமிழ் மீடியம். அப்பா படித்த ஐந்து வகுப்பும் தமிழ்தான். வில்லேஜ் ஆபீசில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அப்பா சட்டைப்பையைத் தடவிவிட்டு, “கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டனுங்க” என்பார். அந்தக் கண்ணாடியை வீட்டில் நான் எத்தனையோ நாள் தேடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் காகிதத்தை டீக்கடைக்காரரிடம் கொண்டுபோவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவர் நல்ல மனிதர். ஆனால் மனதுக்குள் படிக்கத் தெரியாதவர். சர்க்கார் ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கொடுத்த பத்தியச் சீட்டை அவர்தான் படித்தார். அப்பாவுக்கு மூலம் என்பது கடையில் இருந்த பதினைந்து பேருக்கும் அப்பாவுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அதன்பிறகு பல மாதங்களுக்கு அப்பா எங்கே போனாலும், “வாங்க, பாத்து மெதுவா உக்காருங்க” என்று ஊரே உபசரித்தது. அப்பா அந்தக் கடைக்கு டீ குடிக்கப் போவதையே நிறுத்திவிட்டார்.

கிளி வர ஆரம்பித்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, கம்ப்யூட்டர் மாமாவோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார். முந்தைய நாள் கிருஷி பவனிலிருந்து, அதாவது விவசாய ஆபீசிலிருந்து, ஒரு காகிதம் வந்திருந்தது. நாத்தனார் முன்னால் மகளின் பெருமையைக் காட்ட அம்மாவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. காகிதத்தை என் கையில் கொடுத்து, “படி சாமி” என்றாள்.

எல்லா எழுத்தும் அக்கா தங்கச்சிகள் மாதிரி ஒரே ஜாடையில் இருந்தன. அழுதுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கொடியில் துண்டைத் தேடுகிற மாதிரி அப்பா என் பின்னால் வந்து நின்றார். என் காதுக்குள், “கிருஷி பவன்” என்றார். நான் சத்தமாக, “கிருஷி பவன்” என்றேன். அது ஆபீஸ் பலகையிலேயே பார்த்துப் பழகிய வார்த்தை. அத்தை தலையாட்டினார்.

அடுத்த வரியில் அப்பா தடுமாறினார். ஒரு வார்த்தையைத் தாண்டிக்கொண்டு, “வி... த... ர... ணம்” என்றார். என்ன கொடுமை என்றால், அதை அவர் கிளியின் ராகத்திலேயே சொன்னார். நானும் அதே ராகத்தில் பாடினேன். மாமா வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விதரணம்னாக் குடுக்கறாங்க. என்னத்தக் குடுக்கறாங்க? அதுக்கு முன்னாடி என்ன போட்டிருக்குது?” என்றார் அத்தை.

எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். அப்பா காகிதத்துக்கு அருகில் குனிந்து, விரலை வைத்துப் பார்த்து, தன்னை மறந்து வாய்விட்டே சொன்னார். “அது ரெண்டெழுத்து ஒட்டிப் போட்டது. இன்னம் நடத்துல.”

அப்பாவின் காதுமடல் சிவந்துவிட்டது. மாமாவால் முடியவில்லை, புழக்கடைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை நாள் என் தலையில் பழியைப் போட்டுவிட்டு இவர் பாட்டுக்குப் பாடம் பார்த்திருக்கிறார்! நுங்குக்கும் காரணம் தெரிந்துவிட்டது.

“டீக்கடைக்காரருகிட்டக் குடுத்தா ஒரு நிமிசத்துல சொல்லிப்போடுவாரு” என்றார் அத்தை.

அம்மா என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி நான்காக மடித்தாள். “வேண்டாமுங்க நங்கையா. நடத்துனதுக்கப்பறம் அவரே படிக்கட்டும். அவசரமொண்ணுமில்ல.”

அன்றைக்கே மாமாவிடம் பாடத்தை முழுசாகப் பதியச் சொன்னாள். மாமா எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். பெட்டி ஒன்று, சீரியலும் பாடமும் அதே அரைமணி நேரம், அப்பா இதுவரை திருடிப் பார்த்தது அதில் பதினோரு நிமிடம்தான்; முழுசாக என்றால் இரண்டில் ஒன்றுதான் முடியும். அம்மா யோசிக்கவே இல்லை. “கிளியவே புடி” என்றாள். பதினோரு நிமிடத்துக்காக என்மேல் கை ஓங்கியவள் மொத்தச் சீரியலையும் விட்டுவிட்டாள்.

அதன்பிறகு சாயங்காலங்களில் அப்பாவும் அம்மாவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். மௌஸ் பிடிக்கும் வேலை எனக்கு. டிவியில் கிளி ஒரு தடவைதான் சொல்லும், இதில் எத்தனை தடவை கேட்டாலும் சொல்லும். “இன்னொருக்கா ஓட்டு அம்மிணி” என்று அப்பா சொல்லிச் சொல்லி என் விரல் தேய்ந்தது. எனக்கு அந்தக் கிளியைப் பிடித்துக் கழுத்தைத் திருக வேண்டும் போலிருந்தது. காகிதம் காலண்டர் ஆணியில் தொங்கியது. கிளி ஒட்டெழுத்துக்கு வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

ஒருநாள் அப்பா குளித்துவிட்டு வந்து காகிதத்தை எடுத்தார். முன்பு டீக்கடைக்குப் போகப் போட்டுவந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். அம்மா கதவுக்கு அருகில் நின்றாள். அவர் விரலை வைத்து முதல் எழுத்திலிருந்து கடைசிவரை படித்தார். ராகம் இல்லாமல் படித்தார். மானிய விலையில் தென்னங்கன்று கொடுக்கிறார்கள், காகிதத்தோடு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. கடைசி தேதி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்தத் தேதியையும் படித்தார், அடியில் ஆபீசரின் பதவிப் பெயரையும் விடாமல் படித்தார்.

முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, “அழுகாதம்மா, அடுத்த வருசம் சீக்கிரமாப் போய்க் கன்னு வாங்கிக்கலாம்” என்று ஆறுதல் சொன்னேன்.