சைகோன் மருமகள் மடித்த வெற்றிலை

உறுவையாற்றுக்கு வந்து தணிகைவேல் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். லானம்மா வீடு என்று கேளுங்கள், கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். தணிகைவேலுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. சைகோன் துறைமுகத்தில் சுங்கக் காவல் பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவன் அவன். பெயரெடுத்தவளோ பெண்டாட்டி. அடுத்த வீட்டுக்காரனான எனக்கு அவன் மனத்தாங்கலைப் பார்த்துப் பரிதாபம் வருவதில்லை. வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காதவனுக்கு அவ்வளவுதான் கிடைக்கும்.

அவள் பெயர் லான். அம்மா என்பது நாங்கள் ஒட்டவைத்தது. சைகோனுக்குத் தெற்கே, கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறிவரும் ஒரு கிராமத்தில் பிறந்தவள். இன்றைக்கு அவள் வில்லியனூர்த் தேருக்குப் போய்ப் பொரிக்காரனிடம் பேரம் பேசுவதைக் கேட்டால், கடல் கடந்து வந்தவள் என்று சொன்னாலும் நம்ப மாட்டீர்கள். பொரிக்காரன் நம்புவான். உள்ளூர்க்காரிகள் அவனை அவ்வளவு படுத்துவதில்லை.

முதல் முறை அவள் வந்தது பிரெஞ்சுக்காரன் காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில். தணிகைவேலுக்கு ஆறு மாத விடுப்பு. புதுச்சேரிக் கப்பல் பாலத்தில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து, ஒரு டிரங்குப் பெட்டியோடும் வாய் கட்டிய ஒரு ஜாடியோடும் வந்து சேர்ந்தார்கள். ஜாடியில் இருந்தது மீனை உப்பில் ஊறவைத்து இறக்கிய சாறு. அதைத் திறந்த அன்றைக்கு எங்கள் தெருவில் எலி செத்த இடத்தைத் தேடாத வீடில்லை. அவள் மாமியார் காசம்மாள் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டே ஜாடியை வைக்கோல் போருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். லானும் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு வேளைக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வைக்கோல் போருக்குப் போய் வருவாள்.

நடவுக்காலம் வந்ததும் யாரும் கூப்பிடாமலே சேற்றில் இறங்கினாள். அவளும் நெல் விளைகிற ஊர்க்காரிதானே. பனையோலையில் கூம்பு மாதிரி ஒரு தொப்பி பின்னிக் கவிழ்த்துக்கொண்டு அவள் நாற்று நட்டதைப் பார்த்து நடவுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மழை பிடித்துக்கொண்ட பிறகு அவர்களில் நாலு பேர் தங்களுக்கும் ஒன்று பின்னித் தரச் சொன்னார்கள். பின்னிக் கொடுத்தாள். ஆனால் தொப்பி வாங்கியவர்கள்கூட வரப்பில் கஞ்சி குடிக்கும்போது அவளை விட்டுத் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள்.

"இங்க எல்லாம் நல்லாருக்கு. ஆனா எம் பக்கத்துல யாரும் உக்கார மாட்றாங்க" என்று, புருஷனிடம் கற்ற தமிழில், ஒருநாள் என் பெண்டாட்டி வள்ளியம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். வள்ளியம்மாள் அதை என்னிடம் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் இந்த ஊர்க்காரன்தானே.

காசம்மாளுக்கு வேறு கணக்கு. சைகோனில் மகன் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டதைக் கல்யாணம் என்று அவள் ஒப்பவில்லை. தாலி இல்லை, சொந்தபந்தம் இல்லை, இன்னும் குழந்தையும் இல்லை. செல்லிப்பட்டில் அவள் அண்ணன் பலராமனுக்கு வயசுக்கு வந்த பெண் இருந்தாள், தையலம்மாள். முறைப்பெண். விடுப்பு முடிவதற்குள் அவளை மகனுக்குக் கட்டிவைத்து, அவளையே சைகோனுக்குக் கப்பலேற்ற வேண்டும் என்பது காசம்மாளின் திட்டம். அப்படியானால் லான்? "அவ பாட்டுக்கு அவ ஊர்ல இருந்துட்டு போறா" என்றாள். இதையெல்லாம் மகனிடம் சொன்னபோது அவன் "பாக்கலாம்" என்றானாம். அம்மா முன்னால் அவன் பேசிய பெரிய பேச்சே அதுதான். காசம்மாள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அண்ணனுக்கு ஆளனுப்பிவிட்டாள்.

லானிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமா விருந்துக்கு வருகிறார் என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

பலராமன் காலையிலேயே வண்டி கட்டிக்கொண்டு பங்காளிகளோடு வந்து இறங்கினார். பெரிய பித்தளைத் தட்டில் ஒரு கட்டு வெற்றிலை, கொட்டைப் பாக்கு, மஞ்சள், பூ, தேங்காய். கூடத்தில் விரித்த பாயில் தட்டை வைத்தார்கள். லான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "தாகமில்ல" என்று பலராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்லிப்பட்டிலிருந்து வெயிலில் வந்த மனுஷனுக்குத் தாகமில்லையாம். நல்ல நேரத்துக்கு இன்னும் பொழுது இருந்ததால் ஆண்கள் கரும்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். பெண்கள் சமையலுக்காகக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள். கூடத்தில் லானும் தட்டும்தான்.

அவள் பிறந்த வீட்டு வழக்கம் என்னவென்றால், விருந்தாளி வெற்றிலை கொண்டுவந்தால் அதைப் பிரித்து, மடித்து, வந்தவர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும். தொடாமல் வைத்திருந்தால் எழுந்து போ என்று சொன்ன மாதிரி. தண்ணீரை வேண்டாம் என்றவருக்குக் கோபமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அத்தனை வெற்றிலையையும் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு சீவிப் போட்டு, இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி மடித்து அடுக்கிவிட்டாள்.

நாங்கள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஆளுக்கொன்றாக இரண்டு கையாலும் நீட்டினாள். முதலில் பலராமனுக்கு. அவர் அப்போது கரும்பு விலையைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். கை தானாக வாங்கியது, வாய் தானாக மென்றது. பேச்சு நிற்கவில்லை. நானும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவ்வளவு பக்குவமான வெற்றிலையை அதற்கு முன் நான் மென்றதில்லை.

காசம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது எங்கள் எல்லோர் வாயும் சிவந்திருந்தது. தட்டில் தேங்காயும் மஞ்சளும் பூவும் கிடந்தன.

"தட்டுல இருந்த வெத்தல எங்கடி?" என்றாள்.

"குடுத்தேன். எல்லாருக்கும். மாமா சாப்ட்டாரு" என்றாள் லான், சந்தோஷமாக.

பலராமன் மெல்வதை நிறுத்தினார். மாற்றிக்கொள்ள வேண்டிய நிச்சயத் தாம்பூலத்தை மாற்றுவதற்கு முன்பே மென்றாகிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், அதை லான் கையால் வாங்கி மென்றது. ஒரு வீட்டில் ஒருத்தி கையால் தாம்பூலம் வாங்கினால் அவளை அந்த வீட்டுக்காரி என்று ஒப்புக்கொண்டதாகத்தான் எங்கள் பக்கத்தில் அர்த்தம். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. எனக்கும் அதே நிலைமைதான்.

"வேற வெத்தல வாங்கியாரச் சொல்லலாம்" என்று பங்காளி ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

எல்லோர் முகமும் இறுகியதைப் பார்த்து லான் பயந்துபோய், "இன்னா தப்பு?" என்று வள்ளியம்மாளிடம் கேட்டாள். என் பெண்டாட்டிக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. "ஒம் புருசனுக்கு இன்னொரு பொண்ணு பேச வந்துருக்காங்க. அதுக்கு வெச்ச வெத்தலடி அது" என்று சொல்லிவிட்டாள்.

லான் புருஷனைப் பார்த்தாள். "நெசமா?"

தணிகைவேல் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் அவனை அங்கேயே ஒரு அறை விட்டிருப்பேன். வாய் நிறைய வெற்றிலையோடு எங்கே எழுந்திருப்பது.

அவள் அழப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கண் கலங்கத்தான் செய்தது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து காசம்மாளிடம் நிறுத்தினாள். பிறகு தனக்கென்று ஓரமாக எடுத்து வைத்திருந்த மடிப்பை எடுத்து, மாமியார் முன்னால் போய் இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஒனக்கு குடுக்கல. அது என் தப்பு" என்றாள்.

காசம்மாள் பின்வாங்கினாள். புருஷன் செத்துத் தாலி அறுத்ததிலிருந்து அவள் தன் சுருக்குப் பையிலிருந்து தானாக எடுத்துப் போட்டுக்கொள்வாளே தவிர, அவளுக்கு வெற்றிலை நீட்டியவர்கள் யாரும் இல்லை. விசேஷ வீட்டில் தட்டு வரிசையாக வரும், அவள் இருக்கும் இடம் வந்ததும் தாண்டிப் போகும். நாங்கள் எல்லோரும் தாண்டிப் போனவர்கள்தான்.

"எனக்கு குடுக்கக் கூடாதுடி. நான் அறுத்தவ" என்றாள்.

"எங்க ஊர்ல அம்மாவுக்குதான் மொதல்ல" என்றாள் லான். நீட்டிய கையை மடக்கவில்லை.

காசம்மாள் அந்த மடிப்பையே பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்து, லானைக் கையைப் பிடித்து இழுத்து எல்லோரும் பார்க்கத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அண்ணே, தேங்காய எடுத்து வண்டில வெச்சுக்க. தையலுக்கு நல்ல எடமா நானே பாக்கறேன்" என்றாள்.

பலராமனும் அப்போதுதான் நிம்மதியாக மெல்ல ஆரம்பித்தார். தணிகைவேல் தலையை நிமிர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ சும்மா இர்றா" என்றாள் காசம்மாள்.

லான் மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சுண்ணாம்பு சரியா?" என்று கேட்டாள்.

காசம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "கொஞ்சம் ஜாஸ்திடி" என்றாள்.