ரெண்டு மணிப் படம்

கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஒரு கோழிக்கடைக்கு மேல் மாடியில் ஜஹானாரா குடியிருந்தாள். ஐம்பது தாண்டியவள். புருஷன் உஸ்மான் கனி பூந்தமல்லியில் குடை, பை, சூட்கேஸ் ரிப்பேர் பார்த்தவர். நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறிப் போனவர் அப்படியே போய்விட்டார். ஒரே மகள் ரூஹியைத் தோஹாவில் இருக்கும் பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஆனால் ரூஹி போன் பண்ணுவாள், பேத்தியைக் காட்டுவாள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் மனுஷக் குரல் என்று ஒன்று கேட்டால் அது டிவியிலிருந்து வருவதுதான்.

ஜஹானாரா பிளவுஸ் தைப்பவள். வெளிச்சத்துக்காகத் தையல் மெஷினை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தாள். டிவி முதுகுப் பக்கம் இருந்தது. அதனால் அவள் படம் பார்த்தாள் என்பதைவிடக் கேட்டாள் என்பதுதான் சரி. காலையிலிருந்து இருட்டும்வரை ஏதாவது ஒரு சேனலில் ஏதாவது ஒரு படம் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தப் படத்தில் யார் எப்போது அழுவார்கள், எந்த இடத்தில் வில்லன் சிரிப்பான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

தைக்கக் கொடுக்கிறவர்களுக்காக வாட்ஸப்பில் ஒரு குரூப் வைத்திருந்தாள். இன்னாருடைய பிளவுஸ் ரெடி என்று அதில் பேசிப் போடுவாள், எழுதுவது அவளுக்கு ஒத்துவராது. ஒரு சனிக்கிழமை அப்படிப் பேசி முடித்துவிட்டு, விரலை எடுக்காமல், "அப்புறம், நாளைக்கி மத்தியானம் ஒரு படம் போடறான். மாமியாரும் மருமவளும் ஒரே ஆஸ்பத்திரில வேல செய்யற கதை. பாருங்க, நல்லா இருக்கும்" என்று சேர்த்துச் சொன்னாள். திங்கட்கிழமை பிளவுஸ் வாங்க வந்த ரெண்டு பேர், "அக்கா, படம் சூப்பரு" என்றார்கள்.

அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலத் தொழுகை முடிந்ததும் வரப்போகிற வாரத்துக்கான படங்களைச் சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. அதற்காகவே ஒவ்வொரு சேனலாகத் திருப்பி, விளம்பரத்தில் வருவதைக் கேட்டு வைத்துக்கொள்வாள்.

"திங்கக்கெழம ரெண்டு மணிக்குப் போடறது வேஸ்ட்டு, அந்த நேரத்துக்கு நல்லா தூங்குங்க. புதங்கெழம ஒரு படம் கீது, லாரி டிரைவரும் அவன் தங்கச்சியும். மொதல்ல கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கோங்க, கடைசில நெஞ்ச அடைச்சிடும். வெள்ளிக்கெழம படத்த புள்ளைங்கள வெச்சிக்கினு பாக்காதீங்க, ஒரே ரத்தம்."

குரூப்பில் சிரிக்கிற பொம்மை, கைதட்டுகிற பொம்மை எல்லாம் வரும். பிளவுஸ் கொடுக்க வருகிறவர்கள் நின்று படத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். ஒரு அம்மா வேண்டுமென்றே அளவு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வந்து அரை மணி நேரம் கதை பேசினாள். அது ஜஹானாராவுக்கு நல்ல காலம்.

அந்தக் காலம் நீடிக்கவில்லை. ஊரில் எல்லாரும் போனிலேயே படம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பொம்மைகள் குறைந்தன. ஒரு சனிக்கிழமை, புது அபார்ட்மென்டில் இருக்கும் சுவேதா என்ற பெண் எழுதிப்போட்டாள்: "அக்கா, நாங்கல்லாம் டிவி பாக்கறதே இல்ல. பிளவுஸ் ரெடியான்னு மட்டும் சொன்னா போதும், ப்ளீஸ்." கடைசியில் கும்பிடு போட்டிருந்தாள். மரியாதையாகத்தான் சொல்லியிருந்தாள். அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்ததுதான் ஜஹானாராவுக்குத் தாங்கவில்லை. அவர்களில் அந்த அரை மணி நேரம் கதை பேசிய அம்மாவும் ஒருத்தி.

அடுத்த சனிக்கிழமை அவள் பிளவுஸ் ரெடி என்று மட்டும் சொன்னாள். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

அதற்குப் பிறகுதான் அந்தப் போன் வந்தது.

"ஜஹானாக்காவா? நான் அனுசுயா பேசறேன், மண்ணூர்பேட்டை. இன்னாக்கா ரெண்டு வாரமா ஒரு படமும் சொல்லல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

அனுசுயாவை ஜஹானாராவுக்கு ஞாபகம் இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை செய்தவள். கரையான்சாவடியில் இருந்த அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் துணி கொடுத்துவிட்டுப் போவாள். வந்து வெகுநாள் ஆகிவிட்டது.

"யாரும் பாக்கறதில்லன்னு வுட்டுட்டேம்மா" என்றாள் ஜஹானாரா.

"நான் பாக்கறேனே. எங்கிட்டச் சொல்லு."

போனிலேயே சொன்னாள். செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிப் படம் நடுவில் விளம்பரம் வந்தபோது அனுசுயா மறுபடியும் கூப்பிட்டாள். "அக்கா, இவன் நல்லவனா கெட்டவனா? குரலே சரியில்லியே" என்றாள். "இரு, இரு, பொறு" என்று ஜஹானாரா சிரித்தாள். சோப்பு விளம்பரம், நகைக்கடை விளம்பரம், இன்னொரு நகைக்கடை எல்லாம் முடிகிறவரை பேசினார்கள். படம் ஆரம்பித்ததும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் "வெக்கறேன்" என்றார்கள்.

அப்படியே தினமும் ஆயிற்று. கரையான்சாவடியில் ஒரு டிவி, மண்ணூர்பேட்டையில் ஒரு டிவி, ரெண்டிலும் ஒரே படம். விளம்பரம் வந்தால் பேச்சு. இத்தனை வருஷம் எல்லாரும் சபிக்கிற விளம்பரத்தை ஜஹானாரா எதிர்பார்க்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் ஒரு பழைய படம். முடிவில் புருஷனும் பெண்டாட்டியும் ரயில்வே ஸ்டேஷனில் சந்திக்கிற இடம். படம் முடிந்ததும் அனுசுயா கூப்பிட்டாள்.

"அக்கா, கடைசில பேச்சே இல்லாம ரொம்ப நேரம் வெறும் மியூசிக்கா வந்துச்சே, அப்ப இன்னாக்கா நடந்துச்சு? அவ ரயில் ஏறினாளா இல்லியா?"

"தெரியலமா. நான் ஹூக் வெச்சிக்கினு இருந்தேன், திரும்பல. நீதான பாத்துக்கினு இருந்த?"

லைன் போய்விட்டதோ என்று ஜஹானாரா போனைப் பார்த்தாள்.

"எனக்குக் கண்ணு தெரியாதுக்கா" என்றாள் அனுசுயா.

சர்க்கரை வியாதி. முதலில் இடது கண், பிறகு வலது. ஊசி, லேசர், ஆபரேஷன் எல்லாம் பார்த்தாயிற்று. வெளிச்சம் மட்டும் தெரியும், ஆள் தெரியாது. புருஷன் வரதன் எஸ்டேட்டில் லேத் வேலைக்கும், மகள் காலேஜுக்கும் காலையிலேயே போய்விடுவார்கள். சோற்றையும் குழம்பையும் மேஜைமேல் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம்வரை அவள் தனியாகத்தான் இருப்பாள். ஜஹானாரா பேசி அனுப்பிய படச் சேதியைத்தான் வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாளாம்.

"அப்ப நாம ரெண்டு பேருமே அந்த ரயில பாக்கல" என்றாள் ஜஹானாரா.

அனுசுயா சிரித்தாள். சிரிப்பு நிற்கவே ரொம்ப நேரம் ஆயிற்று. நடுவில் அது அழுகையாகிவிட்டதா என்று போனில் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் ஜஹானாரா மெஷினை இழுத்துத் திருப்பிப் போட்டாள். டிவி இப்போது எதிரே இருந்தது. வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததால் அவள் நிழல் அவள் தைக்கிற துணிமேலேயே விழுந்தது. ஒரு பட்டுப் பிளவுஸின் கழுத்து கோணிப்போய்த் திட்டு வாங்கினாள். ஆனால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேச்சில்லாத இடங்களை எல்லாம் அவள் அனுசுயாவுக்குச் சொன்னாள்.

"அவ வாசல்ல நிக்கறா. இவன் வர்றான். அவள பாக்கல. செருப்ப கழட்டறான்."

"செருப்பு இன்னா கலருக்கா?"

"அது எதுக்குடி உனக்கு?"

"சும்மா சொல்லேன்."

"பிரவுனு. வாரு அறுந்து பின்னு குத்தியிருக்கான்."

"ஐயோ, பாவம்" என்றாள் அனுசுயா, சொந்தக்காரனைப் பற்றிக் கேட்டவள் மாதிரி.

வாரப் படங்களைப் பொறுக்குவதும் மாறிவிட்டது. சண்டைப் படம் வேண்டாம், டிஷ்யூம் டிஷ்யூம் என்று எத்தனை நேரம் சொல்வது? பாதிக்குமேல் வாயால் நடக்கிற குடும்பக் கதைகளாகத் தேடினாள். நடுநடுவே ஒரு நல்ல பேய்ப் படம். பேய்ப் படத்துக்கு இருட்டு தேவையில்லை, கதவு சத்தம் போதும் என்பாள் அனுசுயா.

பழகிச் சில மாதம் கழித்து, "ஒரு ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாக்கா, சேந்து பாக்கலாம்" என்று அனுசுயா கூப்பிட்டாள். ஜஹானாரா நல்ல புடவை கட்டி, புர்கா போட்டு, பேக்கரியில் கேக் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. வரதன் எழுந்து நாற்காலி போட்டார், மகள் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அனுசுயா கட்டிலின் ஓரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். போனில் அவ்வளவு பேசுகிறவள் "வாக்கா", "சாப்புடுக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அங்கே அவளைப் பார்த்தால், சத்தமாகச் சிரிக்கிறவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாத்ரூமுக்குப் போக எழுந்தபோது சுவரைத் தடவித் தடவிப் போனாள். வாசப்படி தாண்டி வருஷக்கணக்காகிறது என்றார் வரதன். "இப்டியே குந்திகினு கீதுக்கா. நாங்களும் இன்னா பண்றது, சொல்லு" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, ஓய்ந்துபோன மனுஷர்.

படம் எதுவும் பார்க்காமல் ஜஹானாரா திரும்பினாள். பஸ்ஸில் வரும்போது, அந்தச் சுவரைத் தடவிய கைதான் கண்ணில் நின்றது.

இது நடந்து கொஞ்ச நாளில், துணி கொடுக்க வந்த ஒரு பெண் பேச்சுவாக்கில் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். பூந்தமல்லியில் பார்வை இல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் ஆபீஸ் வேலை. கோல் வைத்துத் தனியாக நடக்க, பஸ் ஏற, பேசுகிற கம்ப்யூட்டரில் வேலை செய்ய எல்லாம் கற்றுக்கொடுப்பார்களாம். நடுவயதில் பார்வை போனவர்களும் வருவார்களாம்.

"எத்தன மணி வரைக்கும் நடக்கும்?" என்று கேட்டாள் ஜஹானாரா.

"சாயங்காலம் வரைக்கும்க்கா."

ரெண்டு மணியும் அதற்குள் வந்துவிடுகிறது. நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அனுசுயாவிடம் அதைச் சொல்லவில்லை. ரெண்டு மணி ஆகும், போன் வரும், படம் ஓடும், சிரிப்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பாள். சாயங்காலம் போன் ஓய்ந்த வீட்டில் உட்கார்ந்து, சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்கே பயமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நகைக்கடை விளம்பரத்தின்போது சொல்லிவிட்டாள்.

"எனக்கு எதுக்குக்கா அதெல்லாம்?" என்றாள் அனுசுயா. "நான் இங்கயே நல்லாத்தான் கீறேன். படம் கீது, நீ கீற."

"படம் எங்கயும் ஓடிப்போவாது. நீ போ."

"பயமா கீதுக்கா."

"பேய்ப் படத்துக்கே பயப்படாதவளுக்கு இன்னாடி பயம்?"

படம் மறுபடி ஆரம்பித்தது. ரெண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை, போனையும் வைக்கவில்லை. ராத்திரி வரதனின் நம்பரை வாங்கி ஜஹானாரா அவரிடமே பேசினாள்.

அனுசுயா சேர்ந்தாள். முதலில் வரதன் கொண்டுவந்து விட்டுவிட்டு லீவு போட்டு வாசலிலேயே காத்திருந்தார். பிறகு மகள் வந்தாள். பிறகு, அங்கே கூடப் படிக்கிற ஒரு பெண்ணோடு அனுசுயாவே பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். ஒருநாள் சாயங்காலம் கோழிக்கடைக்குப் பக்கத்து மாடிப்படியில் டொக் டொக் என்று சத்தம் கேட்டு ஜஹானாரா எட்டிப் பார்த்தாள். வெள்ளைக் கோலால் ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டு அனுசுயா ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"கைய குடுக்காதக்கா, நானே வரேன்."

அன்றைக்கு நிறையப் பேசினாள். கம்ப்யூட்டர் வேகமாகப் பேசுவதைப் பற்றி, திருத்தணியிலிருந்து வருகிற ஒரு சிநேகிதியைப் பற்றி, ரோடு தாண்டும்போது லாரியின் சத்தத்தை வைத்துத் தூரம் கண்டுபிடிப்பதைப் பற்றி. ஜஹானாரா கேட்டுக்கொண்டே இருந்தாள். டீ ஆறும் முன்பே, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அனுசுயா எழுந்துவிட்டாள். ஜஹானாரா மெயின் ரோடுவரை கூடப் போனாள். பஸ் போன பிறகும் கொஞ்சநேரம் அங்கேயே நின்றாள். எதிர்க் கடைக்காரர், "இன்னாம்மா வேணும்?" என்று கேட்டதும்தான் நகர்ந்தாள்.

பயிற்சி முடிந்து, மண்ணூர்பேட்டையிலேயே ஒரு கம்பெனியில் போன் எடுத்துப் பேசுகிற வேலை அனுசுயாவுக்குக் கிடைத்தது. ஜஹானாரா ரெண்டு பிளவுஸ் தைத்து அனுப்பினாள். முதல் நாள் வேலைக்கு அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனதாக வரதன் போட்டோ அனுப்பினார். தோள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஜஹானாரா ரூஹிக்கு அந்தப் போட்டோவை அனுப்பி, "என் சிநேகிதி" என்று பேசிப் போட்டாள்.

போன்கள் குறைந்தன. வேலை நேரத்தில் பேசக் கூடாது, சாயங்காலம் சமையல் இருந்தது. எப்போதாவது பேசினால், கம்பெனியில் நடந்ததைச் சொல்லிவிட்டு, "நீ எப்டிக்கா கீற?" என்பாள். "எனக்கின்னா, நல்லாத்தான் கீறேன்" என்பாள் ஜஹானாரா.

போன சனிக்கிழமை சாயங்காலம் அனுசுயா கூப்பிட்டிருந்தாள். பின்னால் வீட்டில் யார் யாரோ பேசுகிற சத்தம். நலம் விசாரித்து முடித்துவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில், "அப்புறம், இந்த வாரம் இன்னா படம்க்கா?" என்றாள்.

ஜஹானாரா சொன்னாள். செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு ஒரு படம், மெஸ் நடத்துகிற அண்ணன் தம்பி கதை, பேச்செல்லாம் நன்றாக இருக்கும் என்று.

"ஆவட்டும்க்கா, பாக்கறேன்."

செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு அவள் கம்பெனியில் இருப்பாள் என்பது ரெண்டு பேருக்குமே தெரியும். "பாரு" என்றாள் ஜஹானாரா.

செவ்வாய்க்கிழமை அந்தப் படத்தைப் போட்டார்கள். ஜஹானாரா வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.