ஜட்ஜம்மா கண்ணுக்குத் தெரிஞ்ச ஆள்

கோர்ட்டு நோட்டீஸ் வந்த அன்னைக்கு எங்க வீட்டுல உலை வைக்கல. கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியாம, ஜெனிகிட்டதான் வாசிக்கக் கொடுத்தேன். பாதி வாசிச்சவ நிறுத்திட்டு என்னையப் பாத்தா. "பெரியம்மா, இது என்னையவா கேக்குறாங்க?"ன்னா. நான் வெடுக்குன்னு நோட்டீஸை வாங்கி மடிச்சுட்டேன்.

ஜெனி என் தங்கச்சி மக. தங்கச்சி மஞ்சக்காமாலையில போனப்ப இவளுக்கு ஆறு வயசு. சென்னையில வேலை பாக்குற அவ அப்பா, கொஞ்ச நாள் வச்சிருங்கன்னு எங்ககிட்ட விட்டுட்டுப் போனாரு. மூணு வருசம் ஓடிருச்சு. அவரு போன சித்திரையில மறு கல்யாணம் பண்ணிக்கிட்டு, பிள்ளையத் தன்கிட்டயே ஒப்படைக்கணும்னு சென்னையில வழக்குப் போட்டுட்டாரு. எனக்கும் என் வீட்டுக்காரரு சவரிக்கும் வேற பிள்ளை இல்ல.

வாய்தாவுக்கு நேருல போகலாம்னு இருந்தேன். ஆவணியில மல்லிகைத் தோட்டத்து வரப்புல வழுக்கி விழுந்து கணுக்கால் முறிஞ்சு மாவுக்கட்டு. எங்க வக்கீலம்மா மனு போட்டு, செல்போன் வழியா வீடியோவுல ஆஜராகலாம்னு அனுமதி வாங்குனாங்க. செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. பக்கத்துல ஒருத்தரும் இருக்கக் கூடாது, யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க.

எங்க வீட்டுக்குள்ள டவர் எடுக்காது. அகரம் ரோட்டோர அந்தோணியார் கெபியிலதான், அந்தச் சின்னக் குகைக் கோயில்லதான், நல்லா எடுக்கும். அங்கதான் நான் ஒரு கூத்துப் பண்ணுனேன். புதுசா மாலை கட்டி, அங்க ஆள் உயரத்துக்கு நிக்கிற சுரூபத்துக்கு, அதான் சிலைக்கு, போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி நாற்காலியில உக்காந்தேன். ஆண்டவர்கிட்ட எனக்காகப் பேசுறவரு, இன்னைக்குக் கோர்ட்டுலயும் என் பின்னாடி நிக்கட்டும்னு நெனப்பு. சவரி போனை ஸ்டூல்ல நிக்க வச்சுட்டு, ஜெனியக் கூட்டிக்கிட்டு தென்னந்தோப்புப் பக்கம் போயிட்டாரு.

ஒரு மணி நேரம் ஆச்சு, ரெண்டு மணி நேரமும் ஆச்சு. திரையில காத்திருக்கவும்னே நிக்குது. சார்ஜ் கொறஞ்சுக்கிட்டே வருது. மூக்குல வந்து உக்காந்த ஈயைக்கூட வெரட்டப் பயம். கடைசியில எங்க வழக்கைக் கூப்பிட்டாங்க. ஜட்ஜம்மா என்னை உத்துப் பாத்தாங்க.

"உங்களுக்குப் பின்னாடி குழந்தையத் தூக்கிட்டு நிக்கிறவரு யாரு? அவரை அங்க இருந்து போகச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்து வக்கீல் உடனே பிடிச்சுக்கிட்டாரு. ஆளை நிறுத்திச் சொல்லிக் கொடுக்குறாங்க, பிள்ளையையும் கொண்டாந்து காட்டுறாங்கன்னாரு. பதட்டத்துல நான், "அவரால நகர முடியாதும்மா"ன்னுட்டேன். ஜட்ஜம்மா முகம் மாறிப் போச்சு. போனைத் திருப்பிக் காட்டலாம்னு எந்திரிச்சேன். கால்ல கட்டு இருக்கிறதை மறந்துட்டேன். ஸ்டூலோட சாஞ்சு விழுந்தேன். போன் மண்ணுல கெடக்கு, லைன் கட்டாயிருச்சு.

உண்மையச் சொல்லிர்றேன், அந்த நேரம் நான் ஜெபிக்கல. "உன்னைய நம்பி உக்காந்ததுக்கு இப்படிக் குடியக் கெடுத்துட்டியே"ன்னு அந்தோணியாரை வாய்க்கு வந்தபடி வஞ்சேன். பிள்ளை கைய விட்டுப் போயிருச்சுன்னே அழுதேன்.

நான் விழுந்ததைப் பாத்து ஜெனிதான் முதல்ல ஓடியாந்தா. நான் அழுதுக்கிட்டே நடந்ததைச் சொல்ல, அவ போனைத் தொடச்சு, திரும்பவும் லிங்கை அமுக்குனா. செத்த நேரத்துல ஜட்ஜம்மா வந்துட்டாங்க. ஜெனி கொஞ்சமும் பயப்படாம போனைத் தூக்கிச் சுரூபத்தைக் காட்டுனா.

"இவருதான் மேடம். இது அந்தோணியார் சுரூபம். கையில இருக்கிறது நான் இல்ல, குழந்தை இயேசு."

 பெறகு ஜட்ஜம்மா அவ பேரைக் கேட்டாங்க. பிள்ளைகிட்ட தனியாப் பேசணும், மத்தவங்க எல்லாம் தள்ளிப் போங்கன்னாங்க.

சவரி தோளைப் பிடிச்சுக்கிட்டு தோப்புக்கு நொண்டிப் போனேன். அங்க இருந்து அவ முதுகு மட்டும் தெரியுது. ஒரு தடவை கண்ணைத் தொடைச்சா. அவ எனக்கே வேணும் எனக்கே வேணும்னு மூணு மாசமா கேட்டவ நான். அன்னைக்கு வாயில வந்தது வேற. "ஆண்டவரே, எனக்காக அவ பொய் சொல்லிரக் கூடாது. அப்பாதான் வேணும்னு அவ சொன்னாலும் நான் தாங்கிக்கிறேன். நீர் அவகூட இரும்." கால் மணி நேரம் போச்சு.

திரும்பக் கூப்பிட்டாங்க. பிள்ளை உங்க வீட்டுலயே இருந்து படிக்கட்டும்னாங்க ஜட்ஜம்மா. ஐயோ, அப்ப வந்த அழுகை! அவங்க இன்னும் முடிக்கல. "அப்பாவையும் பாக்கணும்னு அழுகுறா. அதை நீங்க தடுக்கக் கூடாது."

எனக்குச் சுருக்குன்னுச்சு. அவரு போன் பண்ணுறப்பல்லாம் பிள்ளை தூங்குதுன்னு பொய் சொல்லி வச்சவ நான்தான். அது சவரிக்குக்கூடத் தெரியாது. அன்னைக்கே பங்குச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி, அந்தப் பொய்யை ஒப்புக்கிட்டேன்.

இப்ப ஞாயித்துக்கிழமை போன் வந்தா ஜெனி கையில கொடுத்துட்டு நான் தோட்டத்துக்குப் போயிருவேன். மாசம் ஒருக்கா அவ அப்பா வாராரு, நான் சமைச்சுப் போடுறேன். போன தடவை கெபிக்கும் கூட வந்தாரு. ஜெனிக்குக் கை எட்டல, அவருதான் வாங்கி மாலையப் போட்டாரு.

என்ன வாய்தாவுக்காக நீங்க காத்திருக்கீங்களோ எனக்குத் தெரியாது. நம்பிக் கேளுங்க, ஆண்டவர் கைவிட மாட்டாரு. பிள்ளைய அவ அப்பாவோட பங்கு போட்டுக்கன்னு என்கிட்ட கேட்ட மாதிரி, உங்ககிட்டயும் அவரு ஒண்ணு கேப்பாரு. ஒளிச்சு வைக்காம கொடுத்துருங்க.