வலது கன்னம்

மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவருக்கு ‘சென்ட்டு’ என்று பட்டப்பெயர் இருந்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்தப் பெயரை மனுஷன் உழைத்துச் சம்பாதித்திருந்தார். மதியம் கடையைக் கழுவிவிட்டு, இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்து, சட்டை மாற்றி, கழுத்திலும் முதுகிலும் புஸ் புஸ்ஸென்று அடித்தாரென்றால் ஆளுக்கு முன்னால் வாசனை தெருமுனைக்கு வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான். பிறகு ஸ்கூட்டரில் தையல் கடைக்குப் போவார். அங்கே தைக்கிற மனைவி பின்னால் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, அவர் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொள்வாள். அவருக்கு அன்றைய கூலி அதுதான்.

இப்படி இருக்கையில் அவள் வலது கன்னம் சிவந்து தடித்தது. அரிப்பென்றால் அப்படியொரு அரிப்பு! பவுடரை நிறுத்தினாள், கிரீமைத் தூக்கிப் போட்டாள். ‘இயற்கை’ என்று எழுதியிருந்த வாசனை எண்ணெயை நம்பித் தடவியதில் கன்னம் இன்னும் வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் இரண்டு பேருமாகத் தோல் டாக்டரம்மாவிடம் போனார்கள்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, டாக்டரம்மா அவள் முதுகில் சின்னச் சின்ன மருந்து ஒட்டுகளை ஒட்டி அனுப்பினார். சில நாள் கழித்துப் பார்த்தால், வாசனைப் பொருள் வைத்த இடம் மட்டும் சிவந்து கிடந்தது.

“சென்ட் உங்களுக்கு ஒத்துக்கலம்மா.”

“நான் இப்ப எதுவுமே போடறதில்லையே டாக்டர்!”

டாக்டரம்மா காற்றை மோந்து பார்த்தார். பார்வை மெல்லத் திரும்பி மீன்காரர் மேல் நின்றது. “வண்டியில எப்படி உட்காருவீங்க?”

அவள் உட்கார்ந்து, சாய்ந்தும் காட்டினாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதைதான், போங்கள்!

“இருபது வருஷமா ஒண்ணும் ஆகலையே டாக்டர்?” என்றார் மீன்காரர், பாவம்.

“தோல் பொறுத்துப் பொறுத்துப் பாக்கும். ஒருநாள் ஆகாதுன்னு ஆயிட்டா, அப்புறம் துளி பட்டாலும் சண்டைக்கு வந்துடும். இனிமே நீங்களும் போடக் கூடாது.”

அவருக்கு முகம் செத்துப்போனது. சென்ட் புட்டியை மார்க்கெட் ஐஸ் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். கன்னம் ஆறும்வரை ஆட்டோவில் வரச் சொன்னார். கன்னம் பளிச்சென்று ஆறிய பிறகும் வண்டி சரியில்லை, டயர் சரியில்லை என்று சாக்குச் சொன்னார். அவள் விடுவாளா? ஒருநாள் மதியம் நேராக மீன் கடைக்கே வந்து நின்றாள்.

“ஏங்க, நான் உங்களக் கட்டிக்கிட்டேனா, ஆட்டோக்காரரக் கட்டிக்கிட்டேனா?”

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “மேல மீன் நாத்தம் அடிக்கும்மா. நீ எப்படிப் பக்கத்துல...”

“மீன் வெட்டறவருன்னு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டேன்? அந்த சென்ட்டத்தான் இத்தனை வருஷமா மூச்சப் புடிச்சிக்கிட்டுப் பொறுத்தேன்! ஆசையா போடறீங்களேன்னு வாயத் திறக்கல.”

பக்கத்துக் கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் கத்தியை வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

மார்க்கெட் வாசலைத் தாண்டுவதற்குள் முதுகில் கன்னம் வந்து சாய்ந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

“ஏங்க.”

“என்னம்மா? நாறுதா?”

“அதெல்லாம் இல்ல. ரெண்டு பூனை பின்னாலயே ஓடி வருது. கொஞ்சம் வேகமாப் போங்க.”