என் முடியும் அவள் வேண்டுதலும்

எங்கள் திருத்தணியில் மொட்டைத் தலைக்குப் பஞ்சமில்லை. மலைக்கு முடியோடு போகிறவர்கள் சந்தனத்தோடு இறங்குவார்கள். அந்த ஊரில் எழுபது வயது வரை ஒரு முடி கொட்டாமல் நடந்தவன் நான். கறுப்பு சாயம்தான், ஆனால் முடி அசல். பஜாரில் நான் போனால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

பத்து வருஷத்துக்கு முன் எனக்குக் காமாலை முற்றியபோது, நான் பிழைத்தால் என் முடியைத் தருவதாக மனைவி முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பிழைத்தேன். முடியைத் தரவில்லை. "வேண்டிக்கினது நீ, முடி என்னுது" என்று சொல்லிவிட்டேன். ஆடிக் கிருத்திகை வந்தால் அவள் நினைவூட்டுவாள். நான் சீப்போடு கண்ணாடி முன் போய் நின்றுகொள்வேன். போன வருஷம் மகளுக்கு ஒத்தாசையாக அரக்கோணம் போனவள் திரும்பவில்லை. யாருக்கு நஷ்டம் என்றுதான் இருந்தேன்.

எனக்குத்தான் நஷ்டம். புதுச்சட்டை போட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. என் பெருமையை நானே எனக்கு எத்தனை முறை சொல்லிக்கொள்வது? முடியைக் கொடுத்துவிட்டு எதிரே போய் நின்றால் உருகிப்போய்க் கூடவே வந்துவிடுவாள் என்று முடிவு செய்தேன்.

மலை மேல் பத்து நிமிஷத்தில் முடியெல்லாம் கீழே விழுந்தது. மலையிறங்கினால், தினமும் எனக்கு வணக்கம் சொல்லும் பூக்காரம்மா, "பெரியவரே, எந்த ஊருங்க?" என்றாள். மொட்டை அடித்தவன் எல்லாம் இங்கே வெளியூர்க்காரன்தான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே கோபத்தில் ரயில் ஏறினேன்.

மகள் வீட்டில் கதவைத் திறந்தது மனைவிதான். அவள் தலையில் கொண்டை இல்லை. விரல்நுனி அளவுக்கு வெள்ளை முடி முளைத்திருந்தது.

"இன்னாடி இது?"

"உங்க வேண்டுதல்தான், பாவா." அத்தை மகனான என்னை அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவாள். "நீங்க தர மாட்டீங்க. அது அப்படியே நின்னுகினு இருந்திச்சி. அதான் என்னுத குடுத்துட்டேன்."

"திருத்தணி வந்தியா? சொல்லவேல்லியே?"

"மலை மேலருந்து போன் பண்ணேனே. நீங்க புதுச்சட்ட தைச்ச கதய சொல்லிகினு இருந்தீங்க. ஆங், ஆங்னு கேட்டுகினு இருந்தேன். வச்சிட்டீங்க."

அந்த போன் எனக்கு நன்றாக நினைவிருந்தது. சட்டையின் நிறம்கூட. வெட்கமாக இருந்தது, எனக்கு அது பழக்கமில்லாத சமாச்சாரம். ஆனாலும் என் மொட்டையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.

"வீட்டுக்கு வா" என்றேன்.

"சாப்ட்டுட்டு ஆறு மணி வண்டிக்குக் கெளம்புங்க" என்றாள்.

வண்டியில் தனியாக உட்கார்ந்து, மொட்டைத் தலையை ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: நீ எப்படி இருக்கிறாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவே இல்லை.