நான் ஒட்டிய கவர்

ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோதே என்னை டெக்சாஸிலிருந்து திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா, அப்பா இருவருக்கும் வேலை. டேகேர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வயது வரை வளர்த்தவள் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை, பள்ளிக்கூட டீச்சர். டெக்சாஸுக்குத் திரும்பி வந்து நான் அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடாதது நாம் செய்த புண்ணியம் என்று அப்பா இன்றும் சொல்வார்.

எனக்கு எட்டு வயதானபோது அம்மா அமெரிக்க சிட்டிசன் ஆனாள். கோயில் கேன்டீனில் ஓர் அங்கிள், "கூடப் பொறந்தவங்களுக்கு உடனே அப்ளை பண்ணிடுங்க. லைன் ரொம்ப நீளம்" என்றார். அந்த வாரமே சித்திக்கு கிரீன் கார்டு மனு தயாரானது. காகிதங்களைப் பிள்ளையார் முன் வைத்து எடுத்து, கவரை ஒட்டும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்தாள். ஓரம் ஓரமாக விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினேன்.

"சித்தி எப்ப வருவா?"

"வருவா டி. கொஞ்சம் லேட் ஆகும்."

கொஞ்சமாம். நான் வேலைக்கே போக ஆரம்பித்துவிட்டேன், அந்த லைன் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்த வருடம் அம்மா உண்டானாள். பிரசவத்துக்கு வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சித்தியை விசிட்டர் விசாவுக்குப் போகச் சொன்னார்கள். கண்டிப்பாக வருவேன் என்று அவளும் எனக்குப் போனில் வாக்குக் கொடுத்தாள். நான் என் பங்க் பெட்டின் கீழ்க்கட்டிலை அவளுக்கு ஒதுக்கிப் போர்வை விரித்து வைத்தேன்.

அவள் வரவில்லை. "ஸ்கூல்ல லீவு தரமாட்டேங்கறாங்க குட்டி" என்றாள் போனில். "யூ ப்ராமிஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் நீட்டினேன். அதன்பின் அவளோடு பேசவில்லை. அன்று சாப்பிடும்போது அப்பா, "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டோம்" என்றார். சூனியம் என்றால் என்ன என்று கேட்டேன். "சாப்பிடு" என்றார். அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

லீவு கதை பொய் என்பதை நான் காலேஜில் சேர்ந்த பிறகுதான் அப்பா சொன்னார். விசா பாரத்தில் ஒரு கேள்வி உண்டு: அங்கே குடியேற உங்களுக்காக யாராவது மனு போட்டிருக்கிறார்களா? சித்தி உள்ளதை எழுதினாள். அக்கா மனு போட்டிருக்கிறாள், போனால் இவள் திரும்பமாட்டாள் என்று முடிவுகட்டி, தூதரகத்தில் விசா இல்லையென்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆசை ஆசையாக நாங்கள் அனுப்பிய கவரே அவளுக்குக் குறுக்கே வந்து நின்றது. கேன்டீன் அங்கிள் இதைச் சொல்லவில்லை. கேட்டால், நீங்கள் கேட்கவில்லையே என்பார். அவர்மேல் பழி போட்டு என்ன ஆகப்போகிறது, சித்தியோடு பேசாமல் இருந்தது நான்தானே.

தம்பி பிறந்த பத்தாம் நாள், வயிற்றில் தையலோடு அம்மா அடுப்படியில் நின்றிருந்தாள். ஸ்பீக்கரில் சித்தி பூண்டுக் குழம்புக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில், அவளுக்கு விரித்த போர்வையின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"அவ இன்னும் கோவமாத்தான் இருக்காளாக்கா?"

"ஆமா டி. மனசு கேக்கல. உண்மையைச் சொல்லிடவா?"

"வேண்டாம்க்கா. கோவம் என் மேலயே இருக்கட்டும். நான் தூரத்துல இருக்கேன், தாங்கிப்பேன். அவ உன்கூட இருக்கணும்ல."

அம்மா குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

எனக்கோ, வர இஷ்டமில்லை என்பதுதான் அந்த உண்மை, சித்தி தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றுதான் தோன்றியது. எழுந்து போய்க் கதவை அறைந்து சாத்தினேன், திருச்சி வரை கேட்கட்டும் என்று.