கரியர் இல்லாத சைக்கிள்

எங்கள் வீட்டில் சைக்கிளும் சார்ஜ் ஏறும். குசினி மேசையில் என் போன், கணவரின் போன், இரண்டுக்கும் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு பற்றரி. பெடலை நான்தான் உழக்க வேண்டும். மோட்டார் ஒன்றும் கிடையாது. கியரை மாற்றுவதற்கு மட்டும் மின்சாரம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பிடிகளின் நுனியிலும் ஒவ்வொரு பொத்தான் இருக்கிறது. வலது பெருவிரலால் அழுத்தினால் கியர் பாரமாகும், இடதால் அழுத்தினால் இலேசாகும். கடைக்காரர் தன் வழக்கப்படி அப்படிப் பூட்டித் தந்தார். கிளிநொச்சிப் பக்கத்தில் என் ஊரான அக்கராயனில், பிறேக் கட்டை தேய்ந்தால் செருப்புக் காலை நிலத்தில் ஊன்றிச் சைக்கிளை நிறுத்திய எனக்கு, இந்தச் சொகுசு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

டென்மார்க்கின் மேற்குக் கரையில், வயோதிபர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் கிர்ஸ்டன்தான் என்னை இந்த டிரையத்லன் என்ற பைத்தியத்துக்குள் இழுத்துவிட்டவள். நீந்தி, ஈரம் காய முன்னரே சைக்கிள் ஓடி, அதை வைத்துவிட்டுக் காலால் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் நேரக்கணக்கு உண்டு. ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு ஒளித்து ஓடக்கூடாது, எவரிடமும் உதவி வாங்கக்கூடாது. மோட்டார் சைக்கிளில் நடுவர்கள் வந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். போன வருடம் சைக்கிள் பகுதியை நேரத்துக்குள் முடிக்க முடியாமல் என்னை வழியிலேயே மறித்துவிட்டார்கள். கடற்கரை வீதியில் எதிர்க்காற்று என்னைத் தின்றுவிட்டது. கிர்ஸ்டன் கேட்டாள், "ஏன் நீ கியரை இலேசாக்கவில்லை?" "தேவைப்படவில்லை," என்றேன். எனக்கு டேனிஷ் விளங்கவில்லை என்று நினைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக, கையால் பெடல் சுற்றிக் காட்டி, மறுபடியும் விளக்கினாள். பாவம், மொழி விளங்காமல் இல்லை. காற்றடித்தால் குனிந்து பாரமாக உழக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த சைக்கிள் ஓட்டம். இந்த வருடமும் மறித்தால் சைக்கிளை விற்றுவிடுவது என்று யாருக்கும் சொல்லாமல் முடிவு செய்திருந்தேன். ஐம்பதை எட்டும் வயதில் எனக்கென்று நான் பிடித்துக்கொண்ட ஒரே விளையாட்டு அது.

போட்டிக்குச் சற்று முன்பாகத் தங்கச்சி கௌரியின் மகளுக்குக் கலியாணம் வந்தது. பயிற்சியை விட மனமில்லாமல் சைக்கிளைப் பெட்டியில் போட்டு அக்கராயனுக்கே கொண்டுபோனேன். அவிழ்த்துப் பூட்டியதும் ஒழுங்கைச் சனமெல்லாம் வந்து பார்த்தது. கரியர் எங்கே, ஸ்டான்ட் எங்கே என்று கேள்விகள். பக்கத்துக் காணி அண்ணை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, மணியும் குடுக்காமலோ விக்கிறாங்கள்?" என்றார். நான் பெருமையாகப் பொத்தானை அழுத்திக் காட்டினேன். ஒன்றும் அசையவில்லை. பெட்டிக்குள் அடிபட்டதில் பின்பக்கக் கியர் ஒரு பக்கம் சரிந்திருந்தது. வயர் இல்லாமலே கதைத்துக்கொள்ளும் பொத்தான்களும் அதுவும் ஒன்றையொன்று அடியோடு மறந்திருந்தன. அண்ணை மரியாதைக்காகச் சிரிக்காமல் போனார்.

இதைச் சரிசெய்யச் சில்லு நிலத்தில் படாமல் சுற்ற வேண்டும். ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். உழவு மெசின் நிற்கும் கொட்டிலின் கூரை வளையில் கயிறு போட்டுச் சைக்கிளைத் தூக்கிக் கட்டினோம். கலியாண வீட்டுப் பலகார வேலையை விட்டுவிட்டுக் கௌரி ஒரு பலகையைப் போட்டுக் குந்தி, மா படிந்த கையால் பெடலைச் சுற்றினாள். நான் போனைப் பார்த்து, சிறிய விளக்கு மினுங்கும்வரை பொத்தானை அமத்திப் பிடித்து, இரண்டையும் மீண்டும் அறிமுகப்படுத்தி வைத்தேன். பிறகு ஒவ்வொரு கியராக மாற்றி, செயின் உரசும் சத்தம் போகும்வரை திருத்தினோம். "இப்ப இரையுதோ?" "கொஞ்சம்." "இப்ப?" "இல்லை, நல்லா இருக்கு." இருவரும் இப்படி ஒரு வேலையில் குனிந்து எத்தனையோ காலம். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அப்போதுதான் கௌரி போனை எட்டிப் பார்த்தாள். எந்தக் கியரில் எவ்வளவு ஓடினேன் என்று அது கோடு கோடாகக் காட்டும். பாரமான கியர்களின் கோடுகள் மட்டும் நெடுத்து நின்றன. மற்றப் பக்கம் வெறுமை. "எல்லாம் ஒரு கரையிலை ஏத்தின லொறி மாதிரிக் கிடக்கு," என்றாள். அந்தப் பாரக் கியரில் போடச் சொல்லி, பின்சில்லைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்திப் பார்த்தாள்.

"அம்மாடி! இதையோ தனிய உழக்கிறாய்?"

"ஓம். ஏன்?"

அவள் குந்தியிருந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, நான் பின்னாலை இருந்து உழக்கினதையெல்லாம் நீ உன்ர பலம் எண்டு நினைச்சிட்டாய்!"

எனக்குச் சுருக்கென்றது. "நான்தானே ஓடினனான்?"

"நீ ஹாண்டில் பிடிச்சனி. உழக்கினது ஆர்?"

மேடே இல்லாத எங்கள் ஊரில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றுத்தான் மேடு. வைகாசி பிறந்தால் பள்ளிக்கூடத்தால் திரும்பும்போது முகத்தில் அறையும். அப்பாவின் சைக்கிளில் நான் சீற்றில், கௌரி பின்னால் கரியரில். காற்று மறித்ததும் அவள் என் கால்களுக்குப் பின்னால் தன் கால்களையும் அதே பெடலில் வைத்து உழக்குவாள். நான் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து இடம் கொடுப்பேன். இரண்டு பெடலில் நாலு கால். குனிந்து அழுத்தினால் காற்று வழிவிடும் என்று நான் அப்போது கற்றுக்கொண்டது பாதிப் பாடம்தான். மற்றப் பாதி கரியரில் இருந்திருக்கிறது.

சிரித்து முடித்துவிட்டுக் கௌரி சொன்னாள், "நீ கலியாணம் முடிச்சுப் போனாப் பிறகு எனக்கு உழக்கத் தெரியும், ஹாண்டில் பிடிக்கத் தெரியாது. வேலிக்குள்ளையும் வாய்க்காலுக்குள்ளையும் விழுந்து விழுந்துதான் பழகினனான்." சாதாரணமாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு போர்க்கால இடம்பெயர்வுகளில் அந்தச் சைக்கிளில் சாமான் கட்டி, அவள்தான் ஹாண்டிலைப் பிடித்து உருட்டினாள். அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை. அவள் தனியே விழுந்தெழும்பியதை நினைக்க என் மனம் பொறுக்கவில்லை. போனைத் துடைத்தேன்.

"சரி, இலேசாக்கிறது எந்தக் கை?" என்று கேட்டாள்.

"இடது."

"காத்தடிச்சா உனக்கு எந்தக் கை முந்தி வரும்?"

"வலதுதான்."

"அப்ப அதிலை போடன்."

இத்தனை காலம் ஒருவரும் இதை என்னிடம் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. போனில் இரண்டு தட்டு. வலது பெருவிரல் இலேசு, இடது பாரம். மறுநாள் கிளிநொச்சிப் பக்கம் போய், திரும்பும்போது சோளகத்துக்கு முகம் கொடுத்து ஓடிப் பழகினேன். ஒழுங்கைப் பிள்ளைகள் சாதாரணச் சைக்கிளில் கூடவே வந்து, முந்தியும் போனார்கள்.

போட்டியில் நேரத்துக்குள் வந்துசேர்ந்துவிட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் விற்பனைக்கு இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய ஒரு நிமிடத்தைப் பற்றி. போன வருடம் என்னை முறித்த அதே கடற்கரை வீதி. குளிர்காற்று அறைந்தது. கால் பழையபடி பாரத்துக்குப் போனது. வலது பெருவிரலை அழுத்தினேன். பின்னால் சிர்ரென்று ஒரு சின்னச் சத்தம், பெடல் இலேசானது. கௌரி காலை வைத்ததும் இப்படித்தான் இலேசாகும். என்னை அறியாமலே சீற்றில் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து இடம் விட்டேன். அந்நேரம் மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். என்னைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பி எனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை என்று கண்டு, தலையாட்டிவிட்டுப் போனார்.